பின்பக்கத்திலிருந்து புரட்டுகிறவர்கள்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவது வரைதான் படித்தேன். நடந்ததை முன்னுக்குப் பின்னாகச் சொல்லிவிடுவேன், சிலது மறந்தும் போய்விட்டது. பதிப்பகத்தில் புதிதாகச் சேர்ந்த நீங்கள் மூன்று பேரும் வீடு தேடி வந்து, "உங்க வேலையைப் பத்தி எழுதிக் குடுங்கம்மா" என்று கேட்டபோது முடியாது என்று சொல்லத்தான் நினைத்தேன். அப்படி வாய்விட்டுச் சொல்லவும் கூச்சமாக இருந்தது. அதனால் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் செய்தது அடைவு தயாரிக்கிற வேலை. ஆராய்ச்சிப் புத்தகத்தின் கடைசியில், எந்தப் பேர், எந்த ஊர், எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று அகர வரிசையில் ஒரு பட்டியல் இருக்குமே, அது. அதை எப்படிச் செய்வது என்று சொல்லித்தரப் போவதில்லை. கம்ப்யூட்டர் இப்போது சொல்லைப் பொறுக்கிக் கொடுத்துவிடுகிறது. நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். அது கம்ப்யூட்டர் செய்திருக்க முடியாத தப்பு.

நான் இந்த வேலைக்கு என்று வந்தவள் இல்லை. கல்யாணம் ஆகி உத்தரகோசமங்கையிலிருந்து ராமநாதபுரம் வந்ததும் இதே பதிப்பகத்தின் பைண்டிங்கில் சேர்ந்தேன். ஃபாரம், அதாவது பல பக்கம் சேர்த்து அச்சடித்த பெரிய தாள், அதை மடிப்பேன், வரிசை பார்த்து அடுக்குவேன், ஊசி கோர்த்துத் தைப்பேன். மடிக்கிறபோது கண் சும்மா இருக்காது, படித்துக்கொண்டே இருக்கும். பதிப்பகத்தை நடத்திய சார் கல்லூரியில் பாடம் சொன்னவர். வரலாறு, கோயில், கடல் தொழில் என்று ஆராய்ச்சி செய்கிறவர்களின் புத்தகம்தான் போடுவார். ஒருநாள் அவருடைய அடைவுச் சீட்டுகள் காற்றில் பறந்து கலைந்துவிட்டன. பொறுக்கி அகர வரிசையில் நான் அடுக்கிக் கொடுத்தேன். அதிலிருந்து சீட்டுகளும் அவற்றைப் போட்டு வைக்கிற செருப்பு டப்பாக்களும் என் மேசைக்கு வந்துவிட்டன.

ஒரு தடவை ஒரு கோயில் வரலாற்றுப் புத்தகம். எழுதியவர் ஓர் இடத்தில் உத்தரகோசமங்கை என்றும் இன்னோர் இடத்தில் வெறும் மங்கை என்றும் எழுதியிருந்தார். வெளியூர்க்காரருக்கு இரண்டு ஊர் மாதிரி இருக்கும். நான் பிறந்த ஊர் எனக்குத் தெரியாதா? "மங்கை – காண்க: உத்தரகோசமங்கை" என்று சீட்டு எழுதி வைத்தேன். சார் எல்லாரையும் கூப்பிட்டு அதைக் காட்டினார். "இதை மெட்ராஸ்ல இருக்கறவன் செய்ய முடியுமா?" என்றார். எனக்கு முகம் சிவந்து போனது. உள்ளுக்குள் நல்ல சந்தோஷம். ஒன்றாக இருப்பதை இரண்டாக எழுதியிருந்தால் கண்டுபிடித்துச் சேர்த்துவிட வேண்டும் என்பது அன்றைக்கு என் மனதில் ஆணி அடித்த மாதிரி இறங்கியது. பின்னால் நான் செய்த தப்புக்கு விதை அங்கேதான் விழுந்தது.

நான் வேலையை விடுவதற்கு நாலைந்து வருஷம் முன்னால், கடலில் பாசி எடுக்கிற பெண்களைப் பற்றி ஒரு பேராசிரியை ஆராய்ச்சி செய்தார். வெளியூர்ப் பல்கலைக்கழகம். மேடம் என்றே கூப்பிடுவோம். இரண்டு வருஷம் இந்தக் கரையிலேயே அலைந்து, வத்தை என்கிற சின்னப் படகில் தீவு வரைக்கும் போய், அந்தப் பெண்கள் சொன்னதைச் சொன்னபடியே எழுதி வந்தார். ஒரு சொல்லைக்கூட மாற்றமாட்டார். எங்கள் பதிப்பகமும் அவருடைய பல்கலைக்கழகமும் சேர்ந்து புத்தகம் போடுவதாக ஒப்பந்தம்.

ஆட்களின் சொந்தப் பேரைப் போடக்கூடாது என்பது மேடத்தின் விதி. "உங்களுக்கு என்ன பேர் வேணுமோ நீங்களே சொல்லுங்க" என்று அந்தப் பெண்களிடமே கேட்டிருக்கிறார். ஆளுக்கொரு பேர் சொல்லியிருக்கிறார்கள். ஊருக்குள் இது பெரிய வேடிக்கை. யார் என்ன பேர் வைத்துக்கொண்டார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் அத்தியாயத்தில் ராக்கு என்று ஒரு பெண் வருகிறாள். விரலில் துணி சுற்றுவது, கண்ணாடி மாட்டி முங்குவது, பாறையில் கால் கிழிவது என்று தொழிலைப் பற்றிச் சொல்கிறாள். அவள் தூரத்தை மூச்சில் அளப்பாள். இந்தப் பாறைக்கும் அந்தப் பாறைக்கும் மூணு மூச்சு என்பாள். கரையில் நடக்கும்போதும், டீக்கடைக்கு இருபது மூச்சு என்பாள். வேறு யாரும் அப்படிச் சொல்வதில்லை, மற்ற பெண்கள் அவளைக் கேலி செய்வார்கள் என்று மேடமே எழுதியிருந்தார்.

ஐந்தாம் அத்தியாயத்தில் வேறு ஊர், வேறு பெண், பேர் பூரணம். பாறைக்குப் பக்கத்தில் சிலர் வெடி போட்டு மீன் பிடிப்பதையும், அதில் பாசியும் பாறையும் சேர்ந்து சாவதையும் பார்த்துப் பொறுக்காமல், அதிகாரிகளிடம் ரகசியமாகப் போய்ச் சொன்னவள் அவள். ஆட்கள் பிடிபட்டார்கள், வத்தை பறிபோனது. சொன்னது யார் என்று ஊர் இன்னும் தேடுகிறது. அவள் பேச்சில் ஒரு வரி: "வெடிச்சத்தம் கேட்டப்ப நான் நாலு மூச்சு தூரத்துல இருந்தேன்."

சீட்டுகளை அடுக்குகிறபோது மூச்சு என்ற சொல்லுக்கு விழுந்த சீட்டெல்லாம் ராக்கு பேசியது, ஒன்று மட்டும் பூரணம் பேசியது. திரும்ப இரண்டு அத்தியாயத்தையும் படித்தேன். வாக்கியம் முடிகிற விதம், நடுவில் சிரிப்பது, எல்லாம் ஒரே ஆள். மேடம் எங்கேயோ பேரை மாற்றி எழுதிவிட்டார் என்று நினைத்தேன். மங்கை மாதிரி.

மேடத்திடம் கேட்டிருக்க வேண்டும். அவர் அப்போது வெளிநாட்டுக் கருத்தரங்கில் இருந்தார். சாரிடம் கேட்டிருக்கலாம், அவர் பத்தடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார். படித்தவர்களிடம் போய் "நீங்கள் எழுதியது தப்பு" என்று எப்படிச் சொல்வது என்ற கூச்சம் ஒரு பக்கம். கண்டுபிடித்துவிட்டேன் என்ற பெருமை இன்னொரு பக்கம். கேட்காமலே ஒரு சீட்டு எழுதினேன்.

"பூரணம் – காண்க: ராக்கு."

அச்சாகிவிட்டது. தைத்து, அட்டை போட்டு, அடுக்கியாயிற்று. வெளியீட்டு விழாவுக்கு இன்னும் எட்டோ ஒன்பதோ நாள் இருந்தது. பேசிய பெண்களுக்கு விழாவுக்கு முன்னாலேயே புத்தகம் போய்ச் சேர வேண்டும் என்று மேடம் சொல்லியிருந்ததால், பத்துப் பிரதிகளைக் கட்டி அன்று காலையில் பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டோம். அந்தப் பெண்களுடைய ஊர் மீனவர் சங்க ஆபீஸ் முகவரிதான் எங்களிடம் இருந்தது.

அன்றைக்கே பதினொரு மணிவாக்கில் ஒரு பெண் உள்ளே வந்தாள். கையில் மஞ்சள் பை, பையில் கருவாடு. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு நின்றாள்.

"அக்கா, இங்கனதேன் புஸ்தகம் போடுறாகளா? ஆஸ்பத்திரிக்கு வந்தேன். அப்பிடியே எட்டிப் பாத்துட்டுப் போவம்னு வந்தேன். என்னைய ராக்குன்னு போட்டிருக்காகளாம்."

இத்தனை மாதம் தாளில் பார்த்தவள் எதிரில் நிற்கிறாள். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தேன்.

"ராக்குங்கிறது யாரு பேரு?" என்று கேட்டேன்.

"எங்க மாமியா பேரு. இருக்குற வரைக்கும் என்னைய வைஞ்சுக்கிட்டேதேன் இருந்துச்சு. வெயில்ல வெந்து கஷ்டப்படுறதெல்லாம் அது பேருலயே இருக்கட்டும்னு குடுத்துட்டேன்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். "எனக்கு வாசிக்க வராதுக்கா. எழுத்துக் கூட்டிப் பாப்பேன். எம் பேரு எங்கன இருக்குன்னு காட்டுங்க."

புத்தகத்தை எடுத்துக் கடைசிப் பக்கங்களைத் திருப்பினேன். ராக்கு என்ற இடத்தில் விரலை வைத்தேன். அவள் விரலும் வந்து என் விரல் பக்கத்தில் நின்றது. நகமெல்லாம் உப்பில் வெளுத்திருந்தது. அத்தோடு விட்டிருக்கலாம். நான் பக்கத்தைத் திருப்பி இன்னோர் இடத்தையும் காட்டினேன்.

"இந்தா, பூரணம். இதுவும் நீங்கதானே? மேடம் மாத்தி எழுதிட்டாக போல. நான் கண்டுபிடிச்சு, ராக்குவைப் பாருன்னு போட்டுட்டேன்."

அவள் தண்ணீர் டம்ளரை மெதுவாகத் தரையில் வைத்தாள்.

"இந்த எழுத்து எத்தனை புஸ்தகத்துல இருக்கு?"

"எல்லாத்துலயும்."

"எங்க ஊருக்குப் போயிருச்சா?"

"காலையில பஸ்ல."

"அக்கா," என்றாள். குரல் இறங்கிவிட்டது. "அஞ்சு வருசமாத் தேடுறாக. சாமி முன்னாடி ஒவ்வொருத்தரையா சத்தியம் பண்ணச் சொன்னாக. நானும் பண்ணிட்டு வந்து மூணு நாள் சோறு திங்கல. வேற ஊரு, வேற பேரு, யாருக்கும் தெரியாதுன்னு மேடம் சொன்னாக, அந்தத் தைரியத்துலதேன் வாயைத் தொறந்தேன். இது தெரிஞ்சா எங்க வீட்டுல நல்லது கெட்டதுக்கு ஒருத்தர் படி ஏற மாட்டாக. எம்மக வாக்கப்பட்டதும் அதே ஊருதேன். பார்சலு சங்கத்துச் செயலாளர் கைக்குப் போகும். பிடிபட்டதே அவுக தம்பிதேன்."

நான் எழுந்து சாரிடம் போனேன். பத்தடிதான். சொன்னேன். முழுவதும் சொல்லி முடிக்கிறவரைக்கும் அவர் குறுக்கே பேசவில்லை. ஏன் செய்தீர்கள் என்று கேட்கவில்லை. அதை நீங்களும் பழகிக்கொள்ளுங்கள், அந்தக் கேள்வியை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். அவர் கேட்டது ஒன்றுதான்.

"எத்தனை பிரதி வெளிய போயிருக்குக்கா?"

"அந்தப் பத்துதான் சார்."

"நான் கார்ல போய் வாங்கிட்டு வந்துர்றேன்."

எனக்கு அவரிடம் மறுத்துப் பேசிப் பழக்கமில்லை. அன்றைக்கு வாய் வந்துவிட்டது. "நீங்க கார்ல போய் இறங்கினா என்னமோ ஏதோன்னு ஆயிரும் சார். புஸ்தகத்துல என்ன இருக்குன்னு அப்பத்தான் பிரிச்சுப் பாப்பாக. நான் போறேன். பைண்டிங்காரி வந்திருக்கான்னா யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாக."

ராக்குவும் எழுந்தாள். "நாம ஒண்ணாப் போகக் கூடாதுக்கா. நீங்க முன்னாடி போங்க. நான் அடுத்த பஸ்ல வாரேன்."

பஸ் ஜன்னலில் கருவேல மரங்கள் போய்க்கொண்டே இருந்தன. எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு, நீங்களும் பார்ப்பீர்கள். ஆராய்ச்சிப் புத்தகம் ஒன்று ஊருக்கு வந்தால் யாரும் முதல் பக்கத்திலிருந்து படிக்க மாட்டார்கள். பின்பக்கத்திலிருந்து புரட்டுவார்கள். நம்ம பேர் இருக்கா, நம்ம ஊர் இருக்கா, பங்காளி பேர் இருந்து நம்ம பேர் இல்லாமல் போச்சா என்று பார்ப்பார்கள். மேடத்துக்கு அது தெரியாது. பிரதி அனுப்பச் சொல்லியிருந்தாலும், அவருடைய புத்தகத்தைப் படிக்கிறவர்கள் எங்கோ தூரத்தில் நூலகத்தில் இருக்கிறார்கள் என்று நினைத்திருந்தார். நானும் அப்படித்தான் நினைத்துச் சீட்டு எழுதினேன். பஸ்ஸில்தான் உறைத்தது. அந்தப் புத்தகத்தில் அந்த ஊர்க்காரர்கள் முதலில் பார்க்கப்போவது நான் எழுதிய பக்கங்களைத்தான்.

சங்க ஆபீஸ் கடலைப் பார்த்து இருந்தது. வாசலில் ஒரு பெண் தராசு பக்கத்தில் உட்கார்ந்து நண்டு பிரித்துக்கொண்டிருந்தாள். உள்ளே பிளாஸ்டிக் நாற்காலியில் செயலாளர். மேசையில் பார்சல் பிரித்துக் கிடந்தது. ஒரு புத்தகம் அவர் மடியில் விரித்திருந்தது. கடைசிப் பக்கங்கள்.

"யாரும்மா?"

"ராமநாதபுரத்துல இருந்து வாரேன்யா. புஸ்தகம் போட்ட இடத்துல வேலை பாக்குறேன்."

"நல்ல நேரத்துல வந்தீங்க. அரை மணி நேரமாத் தேடுறேன், எம் பேரைக் காணோம். அந்த மேடத்துக்கு வத்தை ஏற்பாடு பண்ணிக் குடுத்தது யாரு? நாந்தேன். மண்டை காயுற வெயில்ல வந்து உக்காந்தப்ப இளநி வெட்டிக் குடுத்தது யாரு? நாந்தேன். பாசி எடுக்குறவளுகளுக்கெல்லாம் எடம் இருக்கு, எனக்கு இல்ல. அ-வுல இருந்து ஒவ்வொண்ணாப் பாத்துக்கிட்டு வாரேன், எங்கயாச்சும் செயலாளர்னாவது போட்டிருக்காகளான்னு."

வாசலில் இருந்த பெண் தலையைத் திருப்பாமல் சொன்னாள்: "இளநிக்கெல்லாம் பேரு போட்டா மரத்துக்குத்தேன் போடணும்."

"நீ சும்மா நண்டைப் பாரு."

அவர் விரல் இருந்த இடத்தைப் பார்த்தேன். ந வரிசை. நல்லதண்ணி ஊற்று, நாட்டுப்படகு என்று இறங்கிக்கொண்டிருந்தது. ந முடிந்தால் ப. தப்பு நடந்துவிட்டது, புத்தகத்தைக் கொடுங்கள் என்று கேட்டால் எந்தத் தப்பு என்று கேட்பார். பிடுங்கவும் முடியாது. ஒரு நிமிஷம் அவர் சொன்னதையே யோசித்தேன். வத்தை கொடுத்தது உண்மை. அவர் பேர் இல்லாததும் உண்மை.

"அதுக்குத்தான்யா வந்தேன்," என்றேன். "பேரெல்லாம் விட்டுப் போயிருச்சு. எல்லாத்தையும் திருப்பி எடுத்துச் சேர்த்துக் குடுக்கணும். உங்க பேரை இன்ஷியலோட சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தேன். என் பையில் எப்போதும் நாலு சீட்டு இருக்கும். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்பிடிச் சொல்லுங்க. பட்டாவுல இருக்குற மாதிரியே எழுதணும். அய்யா பேரும் சேர்த்து. பதவியையும் போடுங்க."

"ஆதார் அட்டையைக் குடுத்துருங்களேன், அப்பிடியே ஒட்டிருவாக," என்றாள் நண்டுக்காரி.

எழுதிக்கொண்டேன். மேசையில் இருந்ததை அடுக்கிக் கட்டினேன். ஒன்பது. பத்தாவது அவர் மடியிலேயே இருந்தது.

"இது ஒண்ணு இங்கன கெடக்கட்டும். பொழுது போகப் பாக்குறேன்."

நான் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டுச் சொன்னேன்: "உங்க பேரு இல்லாத புஸ்தகம் உங்க ஆபீஸ்லயே இருந்தா நல்லாவா இருக்கும்யா? பாக்குறவக என்ன நினைப்பாக?"

அவர் புத்தகத்தை மூடிக் கொடுத்தார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் மடியில் பத்தையும் வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிரில் வந்த பஸ்ஸில் ராக்கு இருந்தாளா என்று தெரியவில்லை.

மறுநாள் சார் மேடத்தைப் போனில் பிடித்தார். என்னையும் பக்கத்தில் உட்கார வைத்து ஸ்பீக்கரில் போட்டார். நான் செய்ததை நானே சொன்னேன்.

"ஒருத்தரை ரெண்டு பேரா எழுதினது நான் வேணும்னு செஞ்சது," என்றார் மேடம். "எத்தனை குறைவான ஆளுக்குத் தெரியுதோ அத்தனை பத்திரம்னு உங்க கிட்டயும் சொல்லல."

"எங்களுக்குச் சொல்லாததாலதாம்மா இது நடந்துச்சு," என்றார் சார். "நீங்க எழுதினா அது சரியாத்தான் இருக்கும்னு நான் கேக்கல. அதுவும் தப்பு."

கம்ப்யூட்டரில் பக்கம் அமைக்கிற பெண், அந்த வரி மேல் ஒரு தாளை ஒட்டிவிடலாமே என்றாள். நான் வேண்டாம் என்றேன். எங்கள் ஊரில் ஒட்டின இடத்தைத்தான் முதலில் சுரண்டிப் பார்ப்பார்கள். பிழைதிருத்தம் என்று சீட்டு வைப்பதும் அப்படித்தான். ஃபாரத்தையே மாற்ற வேண்டும் என்று முடிவானது.

அப்போதுதான் நான் பயந்து பயந்து அடுத்ததைச் சொன்னேன். "அடைவுல எடுத்தா மட்டும் போதாது மேடம். நான் பேரை வச்சுக் கண்டுபிடிக்கல. மூச்சை வச்சுக் கண்டுபிடிச்சேன். நானே கண்டுபிடிச்சேன்னா, கூடத் தொழில் செய்யறவங்க ஒரு நிமிஷத்துல கண்டுபிடிச்சிருவாக."

"அப்ப ஐந்தாம் அத்தியாயத்தையே எடுத்துருவோம்," என்றார் மேடம். அழுகிற மாதிரி இருந்தது குரல்.

சார் சொன்னார்: "சொன்னவங்களைக் கேக்காம எடுக்க வேண்டாம்மா."

ராக்குவுக்குப் போன் போட்டுச் சேர்த்துக்கொண்டோம். கடல் சத்தம் கேட்டது. பேச்சுக் காதில் விழாத இடமாகப் பார்த்து நகர்ந்து நின்றாள் போலிருக்கிறது. மேடம் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்பும் கேட்டு, அந்த அத்தியாயத்தை எடுத்துவிடட்டுமா என்றார்.

"அதை எதுக்கு எடுக்கணும்?" என்றாள். "பாறை செத்துப்போச்சுன்னு யாருக்காவது தெரியணும்னுதேன் சொன்னேன். நான் சொன்னதை எடுக்காதீக. நான் சொன்னேங்கிறதை மட்டும் எடுங்க."

"அந்த நாலு மூச்சுங்கிற இடம் இருக்கே," என்றார் மேடம். "அது உங்க சொல். அதை மாத்துறதுக்கு எனக்கு உரிமை இல்லை."

"எனக்கு இருக்குல்ல?"

அவளே தொடர்ந்தாள். "அந்த எடத்துல கூப்பிடு தூரம்னு போட்டுக்கங்க. எங்க ஊர்ல எல்லாரும் சொல்றதுதேன். சிரிக்கிறதையும் எடுத்துருங்க. அந்தப் பூரணம் சிரிக்காதவளா இருக்கட்டும்."

மேடம் அதை எழுதிக்கொள்கிற சத்தம் கேட்டது. நான் எத்தனையோ ஆராய்ச்சியாளர்களும் சாரும் வாக்குவாதம் செய்து பார்த்திருக்கிறேன். ஒருவர் உண்மை என்பார், ஒருவர் புத்தகம் என்பார். இரண்டுக்கும் நடுவில் யாரைக் கேட்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பிறகு வேலை. கட்டின புத்தகங்களைப் பிரித்து, ஐந்தாம் அத்தியாயம் வருகிற ஃபாரத்தையும் முன்பக்க ஃபாரத்தையும் கடைசி ஃபாரத்தையும் எடுத்துவிட்டு, புதிதாக அடித்து வைத்துத் தைக்க வேண்டும். முன்பக்கம் எதற்கு என்றால் செயலாளருக்கு. சொன்ன வாக்குக்காக நன்றியுரையில் அவர் பேரைச் சேர்த்தோம். மேடத்துக்கு முதலில் மனசில்லை. வத்தை கொடுத்தவர்தானே என்று சார் சொன்ன பிறகு ஒத்துக்கொண்டார். பைண்டிங்கை விட்டுப் பல வருஷம் ஆகியிருந்தும், தையல் பிரிக்கிற இடத்தில் நானும் உட்கார்ந்தேன். யாரும் சொல்லவில்லை. நூலை அறுக்கிறபோது தாள் கிழியாமல் கத்தியைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும், கை மறக்கவில்லை. எடுத்த பழைய ஃபாரங்களை நானே நாலாகக் கிழித்து, தண்ணீரில் ஊறப்போட்டுக் கூழாக்கினேன்.

விழாவுக்கு முந்தின நாள் புதுப் பிரதிகள் ஊருக்குப் போயின. செயலாளர் போன் செய்தார். அவர் பேர் இரண்டு இடத்தில் இருக்கிறதாம், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. அதற்கு மேல் அவர் படித்ததாகத் தெரியவில்லை.

ராக்கு விழாவுக்கு வரவில்லை. கொஞ்ச நாள் கழித்து ஆஸ்பத்திரிக்கு வந்தபோது வந்தாள். புத்தகத்தை வாங்கி அவளே பின்பக்கத்திலிருந்து புரட்டினாள். எழுத்துக் கூட்டி ராக்குவைக் கண்டுபிடித்தாள். பிறகு பக்கத்தைத் திருப்பி இன்னோர் இடத்தில் விரல் வைத்தாள். பூரணம். அதற்கு எதிரில் பக்க எண் மட்டும்தான் இருந்தது.

"இவ யாருக்கா?" என்றாள்.

"எனக்குத் தெரியாது தாயி."

"எனக்குந்தேன்," என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டாள். இப்போதும் பாசிக்குத்தான் போகிறாள் என்று கேள்விப்பட்டேன்.

இதில் உங்களுக்கு எது உதவும் என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் எல்லாரும் என்னைவிடப் படித்தவர்கள். ஒன்று மட்டும் சொல்வேன். ஆராய்ச்சியாளர் எழுதியதில் ஒரு தப்பைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று மனசு துள்ளினால், அந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் போய்க் கேளுங்கள். எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் கேளுங்கள். என் கூச்சத்தால் ஒருத்தி பிழைப்பே போயிருக்கும். ஆராய்ச்சியாளர்களிடமும் முதல் நாளே கேளுங்கள்: எங்களுக்குச் சொல்லாமல் எதை மறைத்திருக்கிறீர்கள், என்ன என்று சொல்ல வேண்டாம், எந்தப் பக்கம் என்று மட்டும் சொல்லுங்கள். அதற்குப் பிறகு வந்த எல்லாப் புத்தகத்துக்கும் சார் அப்படித்தான் கேட்டார். அச்சுக்கு முன்னால் அந்தந்தக் கரையில் பிறந்த ஒருவருக்கு வாசித்துக் காட்டுகிற வழக்கமும் அப்போது வந்ததுதான்.

நான் எழுதியதை யாராவது சரிபார்க்க வேண்டும். எழுத்துப் பிழை நிறைய இருக்கும். பார்சலில் பத்துப் பிரதியா பன்னிரண்டா, மாற்றினது மூன்று ஃபாரமா நாலா என்று சாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஊரைப் பற்றியும் பேரைப் பற்றியும் கேட்க வேண்டாம், அவை நான் தெரிந்தே மாற்றியவை. மூச்சு என்று எழுதியிருக்கிறேனே, அதுவும் அவள் சொன்ன சொல் இல்லை. வேறொன்று. கடைசியாக, இதை நாலு பேர் கைக்குக் கொடுப்பதற்கு முன்னால் அந்தப் பக்கத்துக் கடற்கரைப் பெண் ஒருத்தியிடம் வாசித்துக் காட்டி, இது யாரு என்று கேளுங்கள். அவள் ஒரு பேரைச் சொன்னால், எந்த வரியில் தெரிந்தது என்று கேட்டு அந்த வரியை அடித்துவிடுங்கள். என்னிடம் வந்து கேட்க வேண்டாம்.